கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கும் அம்மா: குறைமாதப் பிள்ளையையும் தாயையும் சேர்த்துவைக்கத் தாதியருக்கு ஒரு வழிகாட்டி

"தொட்டுப் பார்க்கலாமா மிஸ்ஸி?"

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் என்னிடம் இப்படிக் கேட்டார். ஒன்பது நாளும் வந்தபோதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "ஓம், தொடுங்கோ" என்று சொல்லிவிட்டு நானும் அடுத்த கட்டிலின் சேலைனைப் பார்க்கப் போய்விட்டேன். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. பெற்ற பிள்ளையைத் தொட அவர் ஏன் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஒன்பது நாளாக அந்தப் பிள்ளையை நாங்கள் எங்களுடையதாக்கி வைத்திருந்தோம்.

வன்னியில் பிள்ளைகள் விடுதிக்குப் புதிதாக வருகிற தாதியருக்காக இதை எழுதுகிறேன். தாய்மாரும் வாசிக்கலாம், ஒளிக்க இதில் ஒன்றுமில்லை. 37 வாரம் முடியுமுன் பிறந்த பிள்ளை குறைமாதப் பிள்ளை. மூச்சு, சூடு, பால், கிருமி என்று அந்தப் பிள்ளைக்கான வேலை எல்லாருக்கும் கற்பிக்கப்படுகிறது. தாயையும் பிள்ளையையும் சேர்த்துவைப்பதை மட்டும் "நேரமிருந்தால் செய்வது" என்று ஓரத்தில் வைத்துவிடுகிறோம். என் அனுபவத்தில் அது தனி வேலையே இல்லை. நாங்கள் ஏற்கெனவே செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாகத் தாயின் கைக்கு மாற்றிக் கொடுப்பதுதான் அது.

தாய் பிள்ளையைக் காண முன்

பல நேரம் தாய் ஒரு இடம், பிள்ளை ஒரு இடம். சிசேரியன் செய்த தாய் மேல்மாடி விடுதியில் கிடப்பார். அல்லது முல்லைத்தீவிலோ மன்னாரிலோ பிறந்த பிள்ளையை அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருப்பார்கள், தாய் தையலோடு இங்கேயே இருப்பார். முதல் 24 மணித்தியாலத்துக்குள் மூன்று விஷயம் செய்யுங்கள்.

நேரே போய்ப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். "சீரியஸ்தான், பார்ப்பம்" என்பதோடு நிறுத்தாமல், "பெண் பிள்ளை, 1 கிலோ 350, தலை நிறைய முடி, ஊசி போட்டபோது முகத்தைச் சுளித்தவள்" என்று சொல்லுங்கள். நிலைமையை மறைக்க வேண்டாம், வைத்தியர் சொன்னதை மாற்றவும் வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் கொடுங்கள். பிள்ளை பிறந்ததற்கு வாழ்த்தும் சொல்லுங்கள். குறைமாதத்தில் பெற்றவருக்கு யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை, செத்த வீட்டுக்கு வருவதுபோல் வந்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது, படம். விடுதி விதி அனுமதித்தால் தகப்பனின் ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகமும் கைவிரலும் தெரியட்டும், குழாய்கள் பின்னால் இருக்கட்டும்.

மூன்றாவது, துணி. உள்ளங்கை அளவில் இரண்டு சுத்தமான பருத்தித் துண்டு. ஒன்றைத் தாய் சில மணித்தியாலம் நெஞ்சோடு வைத்திருந்து பிள்ளையின் பக்கத்துக்கு அனுப்புவார். மற்றது பிள்ளையிடமிருந்து தாய்க்கு வரும். தாயின் மணத்தைப் பிறந்த பிள்ளை அறியும். பிள்ளையின் மணம் பட்டால் தாய்க்குப் பால் ஊறும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். "ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று கிழவிமார் சொல்வதை நம்பி, 33 வாரத்தில் பெற்ற ஒரு தாய் இரண்டு நாள் பிள்ளையைப் பார்க்கவே வரவில்லை. போகப்போகிற பிள்ளையில் ஏன் ஆசை வைப்பான் என்று இருந்திருக்கிறார். கேட்டறிய முன் நாங்கள் அவரை அக்கறையில்லாதவர் என்று முணுமுணுத்தும் விட்டோம். வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான், எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட நல்லது. இதை அந்த அம்மம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கினால் வீடு முழுக்க விளங்கும்.

முதல் சந்திப்பும் முதல் தொடுகையும்

உள்ளே கூட்டிவர முன் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூக்கில் என்ன இருக்கும், வாயில் என்ன இருக்கும், எந்தச் சத்தம் கேட்கும் என்று முதலே சொல்லிவிடுங்கள். முக்கியமாக அலாரம். இன்று 25, 30 வயதில் இருக்கிற எங்கள் தாய்மார் 2009 இல் சின்னப் பிள்ளைகள். திடீர்ச் சத்தம் அவர்களுக்கு வெறும் சத்தம் அல்ல. யாருக்கு என்ன நடந்தது என்று கிண்ட வேண்டாம். "இது அடித்தால் எங்களைக் கூப்பிடுகிறது. அநேகமாக வயர் கழன்றிருக்கும். நாங்கள் வந்து பார்ப்போம்" என்றால் போதும்.

கதிரை கொடுங்கள். நிற்கிற தாய் விருந்தாளி மாதிரி, கெதியில் போய்விடுவார்.

கை கழுவும்போது வளையல், மோதிரம், கோயில் நூல் எல்லாம் முழங்கைக்குக் கீழே இருக்கக் கூடாது. நூலைக் கழற்ற மனம் வராத தாயோடு சண்டை பிடிக்காதீர்கள். சின்னப் பொலித்தீன் உறையில் போட்டு, பிள்ளை இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு (இன்கியுபேற்றர்) வெளியே ஒட்டிவிடலாம். திருநீறும் அப்படித்தான். பிள்ளையின் நெற்றியில் பூசினால் தூள் மூக்குக்குள் போகும் என்று சொன்னால் எல்லாரும் விளங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் தொடுகை. தாய்மார் ஆசையில் ஒரு விரலால் மெல்லத் தடவுவார்கள். குறைமாதத் தோலுக்கு அது சுகமாக இருப்பதில்லை, கூச்சமும் எரிச்சலும்தான் வரும். ஒரு கையைத் தலையில் குல்லாப் போலவும், மற்றக் கையை மடங்கிய கால்களின் மேலும் வைத்து, அசையாமல், கொஞ்சம் பாரத்தோடு பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். கர்ப்பப்பையின் சுவர் அணைத்திருந்த மாதிரி இருக்கும். கையை முதலே தேய்த்துச் சூடாக்க வேண்டும். எடுக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக எடுக்க வேண்டும். முதல் தடவை உங்கள் கையைத் தாயின் கைக்கு மேல் வைத்துக் காட்டுங்கள். பிறகு உங்கள் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

குரலும் அப்படித்தான். ஆறாம் ஏழாம் மாதத்திலேயே பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும், தாயின் குரல் அதற்குப் பழக்கம். கத்த வேண்டியதில்லை, பெட்டிக் கதவைத் திறந்து தணிந்த குரலில் கதைக்கட்டும். என்ன கதைப்பதென்று வெட்கப்பட்டால் வீட்டில் இன்று என்ன கறி என்று சொல்லச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் ஃபைலைப் போடுவது, கதவைப் படாரென்று சாத்துவது எங்கள் பக்கத்துக் குற்றம். வெளியே சின்னச் சத்தம், உள்ளே அது இடி.

பால்: தாயால் மட்டுமே முடிகிற வேலை

மற்றதெல்லாம் நாங்கள் செய்துவிடலாம், பாலை எங்களால் சுரக்க முடியாது. இதைத் தாயிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் கடமையாகச் சுமத்தாதீர்கள்.

- பிறந்து முதல் மணித்தியாலத்திலேயே கையால் பீச்சத் தொடங்கினால் நல்லது. முடியாவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள்.
- 24 மணித்தியாலத்தில் எட்டுத் தடவையாவது பீச்ச வேண்டும். அதில் ஒன்று நடு இரவில். இரவில்தான் பால் சுரக்கும் ஹோமோன் கூட.
- பெருவிரலும் சுட்டுவிரலும் முலைக்காம்பிலிருந்து இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் பின்னால் இருக்க வேண்டும். நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு முன்னுக்கு உருட்ட வேண்டும். காம்பை இழுத்தால் நோவுதான் மிச்சம்.
- முடிந்தால் பிள்ளையைப் பார்த்தபடி, அல்லது அதன் துணியை மணந்தபடி பீச்சட்டும்.

முதல் நாள் அரைத் தேக்கரண்டிகூட வராது. "எனக்குப் பாலில்லை மிஸ்ஸி" என்று அழுவார்கள். 1 மி.லீ. சிரிஞ்சில் அந்த மஞ்சள் சீம்பாலை உறிஞ்சி, பொன் மாதிரிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறகு பிள்ளையின் கன்னத்தின் உட்பக்கம் ஒவ்வொன்றிலும் 0.1 மி.லீ., அதாவது ஓரிரு துளி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பூசுவதைத் தாயையே செய்ய விடுங்கள். குழாயில் பால் போகாத பிள்ளைக்கும் வைத்தியர் அனுமதித்தால் இதைச் செய்யலாம். பிள்ளை நாக்கைச் சப்புவதைத் தாய் முதல் தடவை காண்கிற அந்த நேரம் பக்கத்தில் நில்லுங்கள், ஒன்றும் பேச வேண்டாம்.

பீச்சிய பால் 25 பாகை வரையான அறையில் நாலு மணித்தியாலம் நிற்கும் என்று படித்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் எங்கள் விடுதி எங்கே 25 பாகையில் இருக்கிறது! எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள், பெயர், திகதி, நேரம் எழுதி. அங்கே நாலு நாள் வரை நிற்கும்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றாக இணைய அநேகமாக 32 முதல் 34 வாரம் ஆகும். அதுவரை குழாய்ப் பால். அந்தச் சிரிஞ்சை உயர்த்திப் பிடிக்கிற வேலையைத் தாய்க்குக் கொடுங்கள். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது உங்கள் பொறுப்பு, பிடிக்கிறது அவர். பீச்சி வெறுமையாக்கிய மார்பில் பிள்ளையைச் சும்மா சப்ப விடலாம், வாய்க்கும் பயிற்சி. பிறகு கப். சூப்பிப் போத்தல் வேண்டாம்.

அம்மம்மா கொண்டுவருகிற சரக்குக் கறி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறாப் புட்டு எல்லாவற்றையும் தாராளமாகச் சாப்பிடட்டும். "தண்ணி கனக்கக் குடியாதை" என்ற கட்டுப்பாட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

கங்காரு முறை

பிள்ளையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டிவைப்பதுதான் இது. இதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். 1978 இல் கொலம்பியாவின் பொகொட்டா நகரில் தொடங்கியது. பெட்டிகள் போதாமல், ஒரு பெட்டிக்குள் பல பிள்ளைகளைப் போட்டுக் கிருமி பரவிய விடுதி அது. எட்கார் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் பிள்ளைகளைத் தாய்மாரின் நெஞ்சில் கட்டச் சொன்னார். ஏழை நாட்டுக்கு ஏற்ற ஒட்டுவேலை என்று கனகாலம் நினைத்தார்கள். பிறகு கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு ஆய்வு நடந்து 2021 இல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள பிள்ளைகள். உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே நெஞ்சில் வைத்தபோது, முதல் 28 நாளில் நடந்த இறப்பு கால் பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் குறைமாத, எடை குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு நாளில் 8 முதல் 24 மணித்தியாலம் இதைப் பரிந்துரைத்தது. ஆகவே "கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்ப்பம்" என்று யாராவது சொன்னால், அது பழைய பாடம்.

மூச்சுவிடும் இயந்திரத்தில் இருக்கிற, அல்லது இரத்த அழுத்தம் விழுந்த பிள்ளைக்கு வைத்தியரின் முடிவு வேண்டும். ஒட்சிசன், சீபாப் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பது), குழாய்ப் பால், சேலைன் எதுவும் தடையல்ல, வேலைதான் கூட. தாய்க்கு அம்மாளோ (அம்மை நோய்), மார்பில் புண்ணோ, காய்ச்சலோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

செய்யும் விதம்:

1. தாய் சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு வரட்டும். அமர்ந்த பிறகு ஒரு மணித்தியாலமாவது எழும்பக் கூடாது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை. மறைப்புத் திரை கட்டாயம்.
2. சாய்வு கதிரை, அல்லது தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். சிசேரியன் தையலென்றால் வயிற்றில் சின்னத் தலையணை.
3. பிள்ளைக்கு நப்பி, தொப்பி, காலுறை மட்டும். பிள்ளையின் சூட்டை அளந்து எழுதுங்கள். அக்குளில் 36.5 முதல் 37.5 பாகைக்குள் இருக்க வேண்டும்.
4. வயர், குழாய்களை ஒரு பக்கமாகச் சேர்த்துத் தாயின் தோளில் ஒட்டுங்கள். கையும் காலும் மடங்கியபடி, முழு உடலையும் ஒன்றாகத் தூக்குங்கள். தாயின் கையும் அதில் இருக்கட்டும்.
5. இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சாக. தலை ஒரு பக்கம் திரும்பி, நாடி நெஞ்சில் முட்டாமல் சற்று உயர்ந்து. கால்கள் தவளைக் கால் மாதிரி. மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
6. கட்டு. பழைய நூற்சேலையைக் குறுக்கே கிழித்தால் இரண்டு தாய்க்கு ஆகும். மேல் ஓரம் பிள்ளையின் காதுக்குக் கீழே வரட்டும். நெஞ்சுப் பகுதியில் இறுக்கம், பிள்ளையின் வயிற்றுப் பகுதியில் மூச்சுக்கு இடம்.
7. முதல் கால் மணித்தியாலம் பக்கத்திலேயே நில்லுங்கள். மாற்றும்போது ஒட்சிசன் அளவு கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறி நிற்கும். அந்த இறக்கத்தைக் கண்டு பயந்து உடனே திருப்பிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறவர்கள் பலர். நானும் செய்திருக்கிறேன். பிள்ளையின் நிறம் மாறாமல், மூச்சு நிற்காமல் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். மாறினால் பொறுக்க வேண்டாம்.

பிறநாட்டுப் புத்தகங்கள் குளிரைப் பற்றித்தான் பயப்படும். வன்னியில் பங்குனி தொடங்கிப் பகல் வேளையில் அதற்கு எதிர்மாறு. தாயின் சூடு, தொப்பி, போர்வை எல்லாம் சேர்ந்து பிள்ளைக்கு 37.8 ஆகிவிடும், அதைக் காய்ச்சல் என்று எண்ணி ஊசி எழுத ஓடுவோம். முதலில் போர்வையை எடுங்கள், பிறகு தொப்பியை, அரை மணித்தியாலத்தில் திரும்ப அளந்து பாருங்கள். குறையாவிட்டால் வைத்தியர். விசிறி சுற்றலாம், காற்று நேரே பிள்ளையில் படக் கூடாது. மாரிகால இரவில் எல்லாம் மறுவளம்.

தகப்பனும் கங்காரு செய்யலாம். வயலில் நாள் முழுக்கச் சேட்டில்லாமல் நிற்கிற மனிதர் இங்கே இரண்டு பட்டன் கழற்ற வெட்கப்படுவார். திரையைப் போட்டுவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

பிள்ளையின் பாஷை

குறைமாதப் பிள்ளை அழுது சொல்லாது, அழ அதற்குப் பலம் போதாது. விரல்களை விசிறி மாதிரி விரிப்பது, கொட்டாவி, தும்மல், விக்கல், முதுகை வில்லாக வளைப்பது, முகத்தைத் திருப்புவது, நிறம் மங்குவது எல்லாம் "போதும், விடுங்கோ" என்பதற்கு. கையை வாய்க்குக் கொண்டுபோவது, விரலைப் பற்றுவது, முகம் தளர்ந்து கண் திறப்பது எல்லாம் "சரி, இருங்கோ" என்பதற்கு. முகத்தைத் திருப்பினால் "என்னைப் பிடிக்கவில்லை" என்று தாய் நினைப்பார். நிஜமாகவே நினைப்பார்கள், கேட்டுப் பாருங்கள். களைத்துவிட்டது என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்த நெடுங்கேணித் தாய், மூன்றாம் கிழமையில் ஒருநாள், "மிஸ்ஸி, இண்டைக்கு இவள் ஒரு மாதிரி இருக்கிறாள். விரலைப் பிடிக்கிறாள் இல்லை" என்றார். மொனிற்றரில் எல்லா இலக்கமும் ஒழுங்கு. நான் வைத்தியரைக் கூப்பிட்டேன். இரத்தச் சோதனையில் கிருமித் தொற்று ஆரம்பித்திருந்தது தெரிந்தது. எங்கள் இயந்திரத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. தாய் சொல்வதைக் குறிப்பில் எழுதுங்கள், நேரத்தோடு.

வராத தாய், பேசாத தாய்

மல்லாவிப் பக்கத்துத் தாய் ஒருவர் பின்னேரங்களில் வருவதேயில்லை. காரணம் கேட்டபோது, வீட்டில் நாலு வயதுப் பிள்ளை, கடைசி பஸ், போக வர காசு. இதற்குப் புத்திமதி உதவாது. தாய் தங்கும் அறையில் கட்டில் கிடைக்குமா, காலையில் வருகிற அந்த நேரத்துக்குள் கங்காருவையும் பாலையும் அடக்கலாமா என்று நேர அட்டவணையை நாங்கள் மாற்றினோம்.

முதல் இரு கிழமை கண்ணீர் வருவது வழமை. அதைத் தாண்டியும் நித்திரை வராமல், சாப்பாடு பிடிக்காமல், பிள்ளையைப் பார்க்காமல் மொனிற்றரையே பார்த்துக்கொண்டு, பாலை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பினால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பெற்றவரின் மனச்சோர்வைக் கண்டறிகிற எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். பத்தாவது, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஓம்" என்ற சாயலில் எந்தப் பதில் வந்தாலும் அன்றே வைத்தியருக்கு, தாயைத் தனியே விடாமல். பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கத் தாய் இல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. "வீட்டில் யார் துணை?" என்ற கேள்வியை முதல் கிழமையிலேயே கேட்டு, குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவித்துவிடுங்கள்.

வீட்டுக்கு

அனுப்ப முன் ஒரு இரவாவது, முடிந்தால் இரண்டு, தாயும் பிள்ளையும் தனியறையில் இருக்கட்டும். எல்லா வேலையும் தாய். நீங்கள் கூப்பிட்டால் மட்டும். சொல்லியனுப்ப வேண்டியவை:

ஏணை (துணித் தொட்டில்) இப்போது வேண்டாம். துணி வளைவில் தலை மடிந்து மூச்சு அடைபடும். தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். சாம்பிராணிப் புகை அந்த நுரையீரலுக்கு ஆகாது. பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை ஆட்களை உள்ளே விடாத வழக்கம், துடக்கு என்ற பெயரில் இருந்தாலும், குறைமாதப் பிள்ளைக்கு நல்லது. அதைத் தட்டிக் கேட்காதீர்கள். தகரக் கூரை வீட்டில் மதியம் சுற்றிக் கட்டி வைக்கக் கூடாது. முதுகு வியர்த்தால் சூடு, பாதம் சில்லென்றால் குளிர். கங்காருவை வீட்டிலும் தொடரலாம், பிள்ளை நெளிந்து வெளியே வரப் பார்க்கும்வரை. பால் குடிக்க மறுத்தால், நெஞ்சு குழிந்து மூச்சு வாங்கினால், நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், உள்ளங்கால் மஞ்சளானால், சூடோ குளிரோ மாறாமல் நின்றால் உடனே வைத்தியசாலை. வாகனமில்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கம்.

வயதுக் கணக்கையும் எழுதிக் கொடுங்கள். எட்டுக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளை, நாலு மாதத்தில் ரெண்டு மாதப் பிள்ளை மாதிரித்தான் இருக்கும். தடுப்பூசி மட்டும் பிறந்த திகதிப்படி. இது தாயின் மனதுக்கு ஏன் முக்கியம் என்றால், சிரிப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க, தன் பிள்ளை சிரிக்காவிட்டால் தாய்க்கு நெஞ்சு விழுந்துவிடும். "உங்கட பிள்ளை மூன்றரை, நாலு மாதத்தில் சிரிப்பாள், பார்த்திருங்கோ" என்று முன்கூட்டியே சொன்னால் அந்த இரண்டு மாதமும் அவர் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இருப்பார்.

நெடுங்கேணித் தாய் வீட்டுக்குப் போன காலை, எடை பார்க்கப் பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். சேலைக் கட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குறட்டை.

"கொஞ்சம் பொறுங்கோ மிஸ்ஸி," என்றார் அவர். "இப்பத்தான் கண்ணயர்ந்தவள்."

தராசைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.